பவளத் தொட்டியிற் படரும் பாசி

கடற்கரையினின்று விலகி, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த நமது சிவகாசியிலே, கடல்நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியை வீட்டில் வைத்துக் காப்பது முன்னாளில் எண்ணவும் இயலாத காரியம். இக்காலத்திலோ செயற்கைக் கடலுப்பும், நீரைச் சுழற்றும் சிறு விசைக்கருவியும், நீலமும் வெண்மையும் கலந்து ஒளிரும் மின்விளக்கும் கடைகளிற் கிடைக்கின்றன. ஆகலின் இல்லத்தின் ஒரு மூலையிற் சிறு பவளக் கடல் ஒன்றை அமைத்து மகிழ விரும்புவோர் நம் மாணவருள்ளும் உளர்.

அங்ஙனம் அமைப்போர், இரண்டொரு மாதம் கழியுமுன்னே, பெரும்பாலும் ஒரே வினாவை எழுப்புவர்: "கண்ணாடியிலும் கல்லிலும் பாசி படர்கின்றது. இதனைக் கொல்லும் மருந்து யாது?" அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் அவ்வினா சற்றே முந்தியெழுந்த வினா என்பதை முதற்கண் சொல்லிவிடுகின்றோம். "மருந்து யாது?" என்பதற்கு முன் "இது யாது? எதனை உண்டு வாழ்கின்றது?" என்று கேட்டல் வேண்டும். ஒருவகைப் பாசியை அடக்கும் முறை பிறிதொரு வகையை வளர்ப்பதும் உண்டு. பாசியால் அழிந்த பவளத்தொட்டிகள் உள்ளது போலவே, பாசியை அழிக்க இட்ட மருந்தால் அழிந்தனவும் உள.

பவளமும் பாசியும் உறவினர்

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. அது பிராணி வகையைச் சார்ந்தது. சிறு குவளை போன்ற உடலும், வாயைச் சுற்றி உணர்கொம்புகளும் உடைய எண்ணிறந்த சிற்றுயிர்கள் ஒருங்கு வாழ்ந்து, தம் அடியிற் சுண்ணாம்பைப் படியவைத்துக்கொண்டே வருதலாற் பாறை உண்டாகின்றது. முருகைக்கல் என்று வழங்குவதும் இதுவே.

பாறை கட்டும் இப்பவளத்தின் மெல்லிய சதைக்குள்ளே, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவேயுள்ள நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடம் தந்த பவளத்திற்கு அளிக்கின்றன. பவளமோ தன் கழிவாகிய கரியமிலவாயுவையும் நைட்ரஜன் பொருள்களையும் அவற்றிற்கு ஈகின்றது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்திற்கு மேல் ஒன்றிரண்டு பாகை உயர்ந்து சில வாரங்கள் நிலைத்தால் இக்கூட்டு முறிந்து, பவளம் நிறமிழந்து வெளிறும். நமக்கு அண்மையிலுள்ள மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளிறல் நேர்ந்தது.

ஆகவே பாசியே இல்லாத பவளத்தொட்டி வேண்டும் என்பது பொருந்தாத ஆசையாகும். 1846ஆம் ஆண்டிற் பவளங்களைக் கடற்கரையினின்று இலண்டன் மாநகர்க்குக் கொண்டு சென்று வளர்த்த அன்னா தின் என்னும் அம்மையார், தொடக்கத்தில் நீரைக் கலத்துக்குக் கலம் ஊற்றிக் காற்றேற்ற வேண்டியிருந்தது. பின்னர்க் கடற்பாசிகளையும் உடன் வைத்தபோது அவை பிராணவாயுவை அளித்து அவ்வுழைப்பைக் குறைத்தன. அவர் தொட்டியிற் பாசி விருந்தினனாக அழைக்கப்பட்டது. நம் தொட்டியில் அதனைப் பகைவன் என்கின்றோம். இருக்க வேண்டிய இடமும் அளவும் கடந்தபோதே பாசி களை ஆகின்றது.

வெடியுப்பும் தீப்பெட்டி மருந்தும்

பாசி வளர்வதற்கு வேண்டுவன ஒளி, கரியமிலவாயு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, இவற்றோடு இரும்பு முதலிய சில பொருள்கள் மிகச் சிறு அளவில். இவற்றுள் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நம் ஊரார்க்குப் புதியன அல்ல. பட்டாசு ஆலைகளில் வழங்கும் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்டே. தீப்பெட்டியின் பக்கங்களிற் பூசப்படும் மருந்தில் இருப்பது செம்பாஸ்பரஸ். அந்த நைட்ரேட்டும், பாஸ்பரஸ் பிராணவாயுவுடன் கூடியமைந்த பாஸ்பேட்டுமே வயலிற் பயிர்க்கு உரமாகவும் தொட்டியிற் பாசிக்கு உணவாகவும் ஆகின்றன.

மற்றோர் ஒப்புமையும் கூறலாம். வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றில் ஒன்று குறையினும் வெடிமருந்து உரியவாறு எரியாது. அவ்வாறே பாசிக்கும் ஒன்று குறைந்தால் வளர்ச்சி அந்த அளவில் நின்றுவிடும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் கரி அணுக்கள் 106க்கு நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்னும் விகிதம் பொதுவாக அமைந்திருப்பதை ஆல்பிரட் ரெட்பீல்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1934இல் எடுத்துக் காட்டத் தொடங்கினார். பாஸ்பரஸ் எத்துணைச் சிறிதளவே போதுமானது என்பது இதனால் விளங்கும்.

இச்சத்துக்கள் மூடிய தொட்டிக்குள் எவ்வாறு புகுகின்றன? நம் கையாலேயே புகுகின்றன. கணக்கிட்டுப் பார்ப்போம். மீனுக்கு இடும் உலர்ந்த உணவில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ்; அது பாஸ்பேட்டாகுங்கால் ஏறக்குறைய 30 மில்லிகிராம். 200 லிட்டர்த் தொட்டியில் அது முழுவதும் கரைந்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். பவளத்தொட்டி வைத்திருப்போர் பாஸ்பேட்டை லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் அளவில் வைக்க முயல்வர். ஒரு நாளைக்கு இட்ட ஒரு கிராம் உணவே அவ்வளவைத் தாண்டச் செய்யும் எனின், மீன் உண்ணாது கல்லிடுக்கில் அழுகும் உணவு என்னாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனம் அறிதல்

தொட்டியில் அடிக்கடி தோன்றுவனவற்றை எட்டு வகையாகப் பிரித்துக் கூறுவோம்.

முதலாவது, பழுப்புத் தூள். புதுத்தொட்டி அமைத்த முதற் சில வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் மாவு தூவியதுபோற் படியும். விரலால் தடவினால் எளிதில் அகலும். இது டயாட்டம் என்னும் நுண்பாசி. சிலிக்கா என்னும் மணற்சத்தினால் தனக்கு ஓடு செய்துகொள்வது. 1867இல் ஆல்பிரட் நோபெல் டைனமைட்டு என்னும் வெடிமருந்தைச் செய்தபோது, நைட்ரோகிளிசரினை உறிஞ்சி நிற்கும்படி கலந்த மண் இவ்வோடுகள் படிந்து உண்டானதே. நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்தவுடன் இத்தூள் பெரும்பாலும் தானே மறையும். இதற்குப் பொறுமையே மருந்து.

இரண்டாவது, கண்ணாடியிற் படியும் மெல்லிய பச்சைப் படலம். இது நலமுள்ள தொட்டியிலும் உண்டாவதே. காந்தத் துடைப்பானால் சில நாட்களுக்கு ஒருமுறை துடைத்தால் போதும்.

மூன்றாவது, மயிர்ப்பாசி. பச்சை நூல்போற் கல்லினின்று நீண்டு அலையில் அசையும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தமைக்கு இது சான்று. இங்கு ஓர் எச்சரிக்கை: சோதனைக் குப்பியில் பாஸ்பேட்டு இல்லையென்று காட்டினும் நம்பிவிடலாகாது. நீரில் வந்ததனையெல்லாம் பாசியே உடனுக்குடன் உண்டுவிடுவதால் நீர் வெறுமையாகத் தோன்றலாம்.

நான்காவது, இறகுப்பாசி. பிரையாப்சிஸ் என்பது இதன் பெயர். மயிர்ப்பாசியைப் போலவே தோன்றினும், உற்று நோக்கின் ஒவ்வோர் இழையும் பறவையின் இறகுபோற் கிளைத்திருக்கும். நத்தையும் மீனும் இதனைப் பெரும்பாலும் உண்பதில்லை. சத்தைக் குறைத்தாலும் எளிதில் ஒழிவதன்று.

ஐந்தாவது, குமிழ்ப்பாசி. பளபளக்கும் பச்சை மணிகள்போற் கல்லில் ஒட்டியிருக்கும். வலோனியா என்னும் இவ்வினத்தில், சுண்டைக்காய் அளவுள்ள ஒரு மணி முழுவதும் ஒரே உயிரணுவாக இருத்தல் வியப்பிற்குரியது. இதனை நசுக்காமல் அடியோடு பெயர்த்தெடுத்தல் நன்று.

ஆறாவது, செந்நீலப் படலம். சிவப்பு அல்லது ஊதாநிறத் துணி விரித்தாற்போல மணலை மூடும். ஓரத்தைப் பற்றினால் ஏடு ஏடாக உரியும். இதனைப் பாசி என்று வழங்கினும் இது பாக்டீரியா இனத்தைச் சார்ந்தது. இவ்வினத்திற் சில, காற்றிலுள்ள நைட்ரஜனையே உணவாக மாற்றிக்கொள்ள வல்லவை. ஆகவே நைட்ரேட்டை மட்டும் குறைத்துவிட்டு இது ஒழியும் என்று எதிர்பார்த்தல் வீண். நீரோட்டம் குறைந்து கசடு தங்கும் இடங்களில் இது மிகுதியாகப் படியும்.

ஏழாவது, பழுப்புச் சளி. வாய்நீர்போல் இழையிழையாகத் தொங்கி, நுனிகளிற் காற்றுக் குமிழ்களைத் தாங்கி நிற்கும். பகலிற் பெருகி இரவிற் குறையும். இது டைனோபிளாஜெல்லேட்டு என்னும் இனம். இதனை உண்ட நத்தைகள் மடிவதும் உண்டு. பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து உணவு அளிக்கும் நுண்பாசியும் இதே பெருங்குலத்தைச் சார்ந்ததே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

எட்டாவது, இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்திற் கல்லோடு கல்லாக இறுகிப் படியும் சுண்ணப்பாசி. இது களை அன்று, நலத்தின் அறிகுறி. கடலிலும் இப்பாசி பாறைத் துண்டுகளைப் பிணைத்து நிறுத்தும் காரை போன்றது. புதியோர் சிலர் இதனையும் சுரண்டிவிடுகின்றனர், அது தவறு.

ஐயம் தீர்க்கும் சோதனை

மேற்கூறியவற்றுள் டயாட்டம், செந்நீலப் படலம், பழுப்புச் சளி ஆகிய மூன்றையும் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் கடினம். அவற்றைத் தவறாக அறிவதனால் விளையும் கேடும் பெரிது. ஏனெனில் பழுப்புச் சளி பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்த தொட்டியில் அன்று, அவை அறவே தீர்ந்துபோன தொட்டியிலே தலையெடுக்கின்றது. போட்டியிடும் பிற நுண்ணுயிர்கள் பட்டினியால் ஒடுங்கியபின் இது அவ்விடத்தைக் கைப்பற்றுகின்றது. "பழுப்பாயிருக்கின்றது, ஆகவே அழுக்கு மிகுந்துவிட்டது" என்று முடிவுகட்டி உணவைக் குறைத்து, நீரை மேலும் மேலும் மாற்றுவோர் எரியும் நெருப்பில் நெய் வார்த்தவராவர்.

ஆதலாற் பின்வரும் எளிய சோதனையைச் செய்க. சந்தேகத்திற்குரிய பொருளில் சிறிது எடுத்து, தொட்டி நீருடன் ஒரு குப்பியிலிட்டு நன்றாகக் குலுக்குக. அந்நீரைக் காகித வடிகட்டியிலோ மெல்லிய துணியிலோ வடித்து, வடிந்த நீரை விளக்கொளியில் ஒரு மணி நேரம் வைத்திருக்க. தெளிந்த நீரில் மீண்டும் சளிபோல் ஒன்றுகூடித் திரண்டால் அது டைனோபிளாஜெல்லேட்டு என்று கருதலாம். இன்னும் உறுதி வேண்டுமாயின் நம் கல்லூரிச் சோதனைச் சாலையின் நுண்பெருக்கியின் கீழ் ஒரு துளியை வைத்துப் பார்த்தால் போதும். டயாட்டம் ஓடுடன் படகு போலவும் பெட்டி போலவும் அமைந்திருக்கும். செந்நீலப் படலம் மணிகோத்த இழையாகத் தோன்றும். டைனோபிளாஜெல்லேட்டு தானே நீந்தும். அவற்றுள் ஆஸ்டிரியாப்சிஸ் என்னும் வகை முளையிற் கட்டிய கன்றுபோல் ஓரிடத்தைச் சுற்றியே அசையும். இந்திய நாட்டிற் பாசியியலுக்கு அடிகோலிய பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார் சென்னையில் இருந்து தமிழ்நாட்டின் நீர்நிலைப் பாசிகளை ஆராய்ந்தது நுண்பெருக்கியின் துணைகொண்டே. அக்கருவி நம் மாணவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், காணாமலே மருந்திடுதல் முறையாகுமா?

நீரே முதற் காரணம்

பாசி இனம் தெரிந்தபின், அதன் உணவு வரும் வாயில்களை அடைத்தல் அடுத்த செயல். நம் பக்கத்தில் அவ்வாயில்களுள் முதலாவது நீர். கோடையில் 38 பாகைக்கு மேலும் வெப்பம் ஏறும் நம் ஊரில் தொட்டி நீர் விரைவில் ஆவியாகும். ஆவியாவது நன்னீர் மட்டுமே. உப்பும் பிற கரைபொருள்களும் தொட்டியிலேயே தங்கும். குறைந்த நீரை ஆழ்குழாய்க் கிணற்று நீரால் நிரப்பினால் என்ன நேரும்? நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகின்றது என்றும், ஊற்றும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்டு உள்ளது என்றும் கொள்வோம். நாள்தோறும் 30 மில்லிகிராம் புகும். 200 லிட்டர்த் தொட்டியில் ஒரு மாதத்தில் லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் நைட்ரேட்டு, மீனுக்கு ஒரு பருக்கை இடாமலே, ஏறிவிடும். சிலிக்காவும் இவ்வாறே சேரும்.

ஆகவே ஆர்.ஓ. கருவியில் வடித்து, அதன்மேல் அயனி நீக்கும் பிசினிலும் செலுத்திய நீரையே ஊற்றுதல் வேண்டும். வீடுகளிற் குடிநீர்க்கு வைக்கும் ஆர்.ஓ. கருவி மட்டும் இதற்குப் போதாது. அவற்றுட் பல சுவைக்காக உப்புக்களைச் சிறிது விட்டுவைப்பவை. டி.டி.எஸ். அளவி சுழியம் காட்டும் நீரே உகந்தது. தூத்துக்குடி உப்பளத்துச் சமையலுப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. சமையலுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. பவளத்திற்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் முதலியன அதில் உரிய அளவில் இல்லை.

பரிகார முறை

களைகளை உடனே பறித்தெறியப் புறப்பட்ட வேலைக்காரரை, கோதுமையும் உடன் பிடுங்கப்படுமே என்று எஜமான் தடுத்த உவமையை நம் கல்லூரி மாணவர் அறிவர். பவளத்தொட்டிக்கு அவ்வுவமை மிகப் பொருந்தும். பரிகாரங்களைத் தீங்கு குறைந்ததினின்று தொடங்கி வரிசையாகச் செய்தல் வேண்டும்.

கையாற் களைதல் முதற்படி. மயிர்ப்பாசியை விரலாற் சுற்றி வேரோடு பறித்து, அறுந்த துண்டுகள் மிதந்து வேறிடம் பற்றாதவாறு சிறு குழாயால் உறிஞ்சி நீக்குக. ஒரே நாளில் முழுவதையும் பறிக்க வேண்டா. செந்நீலப் படலத்தைக் குழாயால் உறிஞ்சியெடுத்து, நீரோட்டம் அவ்விடத்தில் வலுவாகப் படும்படி விசைக்கருவியைத் திருப்பி வைக்க.

உணவைக் குறைத்தல் இரண்டாம்படி. மீன்கள் ஓரிரு நிமிடத்திற்குள் உண்ணும் அளவே இடுக. உறைந்த உணவை இளக்கி வடித்து, அந்நீரை நீக்கியபின் இடுக. பழுப்புச் சளிக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அதற்கு நைட்ரேட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவிலும் பாஸ்பேட்டை 0.05 மில்லிகிராமுக்குக் குறையாமலும் உயர்த்தி, நீர் மாற்றுதலைச் சில வாரம் நிறுத்துதலே பலரும் கைக்கொள்ளும் முறை. இரவில் நீரிற் கலந்து மிதக்கும் வகையாயின் புற ஊதா விளக்குக் கருவியும் உதவும்.

சத்தை வெளியேற்றுதல் மூன்றாம்படி. வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், 20 மில்லிகிராம் நைட்ரேட்டு முதல் வாரம் 18 ஆகவும் நான்காம் வாரம் 13 ஆகவும் குறையும். அதுவும் புதிது சேராதிருந்தாலே. நுரை பிரிக்கும் கருவி கழிவுகள் கரையுமுன்னே அவற்றை நுரையாக வெளியேற்றும். பகையையே பணியாளாக்கும் உபாயமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சுமித்சோனியன் நிலையத்தில் வால்டர் ஆடி என்பவர், தனித் தட்டில் ஒளியும் அலையும் தந்து பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அவ்வப்போது சுரண்டியெடுப்பதன் வாயிலாகப் பவளத்தொட்டி நீரைத் தூய்மை செய்யும் முறையை வகுத்தார். தொட்டிக்குப் பக்கத்திற் சிறு தொட்டி ஒன்றில் கீட்டோமார்பா என்னும் பாசியை வளர்த்து அறுவடை செய்வதும் அக்கருத்தினதே. பாசி எங்கேனும் வளரும் என்பது உறுதியானால், எங்கே வளர வேண்டும் என்பதை நாமே தீர்மானித்தல் அறிவுடைமை.

மேய்வாரை நியமித்தல் நான்காம்படி. துரோக்கஸ் போன்ற கடல்நத்தைகள், துறவி நண்டுகள், முட்பந்து போன்ற கடல்முள்ளெலி, பெரிய தொட்டியாயின் ஓரா மீன் போன்ற பாசியுண்ணிகள் இதற்கு ஆவன. இடமறிந்தும் எண்ணறிந்தும் விடுதல் வேண்டும். மேய்ச்சல் தீர்ந்தபின் அவை பட்டினியால் மடிந்தால் அதுவும் சத்தாகி மீண்டும் பாசியே வளரும்.

ஒளியை அளவிடுதல் ஐந்தாம்படி. நாளொன்றுக்கு 8 அல்லது 9 மணி நேரம் போதும். சன்னல் வழி வெயில் படுமாறு தொட்டியை வைத்தலாகாது. வெப்பத்தை 25 முதல் 27 பாகைக்குள் நிறுத்துதல் பவளத்தின் வலிமையைக் காக்கும். வலிய பவளமே பாசியை எதிர்த்து நிற்கும்.

மருந்து கடைசிப்படி. இறகுப்பாசிக்குப் புளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லியையும், செந்நீலப் படலத்திற்கு எரித்ரோமைசினையும் இடுவோர் உளர். பின்னது, படலத்தைக் கொல்வதோடு தொட்டியின் கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களையும் தாக்கக்கூடும். மனிதர் நோய்க்கான மருந்தை அளவின்றிச் சாக்கடையில் விடுவதும் தகாது. செம்பு கலந்த மருந்தோ நத்தை, நண்டு, பவளம் யாவற்றையும் கொல்லும். எம்மருந்தாயினும், பெருந்திரளான பாசி ஒரே சமயத்தில் மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு இரவிற் குன்றி, விடியலில் மீன்கள் நீர்மேல் வந்து திணறும். மின்சாரம் தடைப்படும் வேளையை எண்ணி, மின்கலத்தால் இயங்கும் காற்றுக்கருவி ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்க.

இங்கு உயிர்க்காவல் பற்றிய ஒன்றையும் வற்புறுத்திக் கூறுகின்றோம். பாசி பிடித்த கல்லை வெந்நீரிற் கொதிக்கவைத்துத் தூய்மை செய்ய முயல்வது பேராபத்து. சோவாந்திட்டு என்னும் பொத்தான் வடிவ உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அக்கல்லைக் கொதிக்கவைத்தபோது எழுந்த ஆவியைச் சுவாசித்தமையால் குடும்பத்தினர் ஒருங்கே மருத்துவமனை சேர்ந்த நிகழ்ச்சிகள் அயல்நாடுகளில் உண்டு. கல்லைத் தேய்ப்போர் நீருக்குள்ளேயே, கையுறையும் கண்காப்பும் அணிந்து, மெல்லத் தேய்க்க.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு வாரத்திற் பயன் காணாது சோர்வோர் உளர். சுண்ணாம்புக் கல் பல மாதம் உறிஞ்சி வைத்திருந்த பாஸ்பேட்டை, நீர் தூய்மையாகத் தூய்மையாக மெல்ல மெல்ல வெளிவிடும். அது தீருமளவும் மயிர்ப்பாசி தழைக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தல் வேண்டும்.

கடல் கற்பிக்கும் பாடம்

வீட்டுத்தொட்டியிற் சிறிதாகக் காணும் இச்செயல்கள் கடலிற் பெரிதாக நிகழ்கின்றன. மேய்வார் நீங்கினால் என்னாகும் என்பதற்கு ஜமெய்க்காத் தீவு சான்று. 1983–84இல் கரிபியன் கடலில் நீண்ட முட்களையுடைய கடல்முள்ளெலிகள் நோயால் பெரும்பாலும் மடிந்தன. பாசியுண்ணும் மீன்கள் அதற்கு முன்பே அளவின்றிப் பிடிக்கப்பட்டுவிட்டன. புயல்களும் பவளங்களை நொறுக்கின. 1977இல் பாறைப்பரப்பில் நூற்றுக்கு 52 பங்காக இருந்த பவளம் 1993க்குள் 3 பங்காகக் குறைய, 4 பங்காக இருந்த பாசி 92 பங்காகப் பெருகியது.

அயலிலிருந்து வந்த பாசிக்கு நம் கடலே சான்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அக்கரையின் மகளிர் தொன்றுதொட்டுக் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை முதலிய நாட்டுப்பாசிகளைச் சேகரித்துப் பிழைத்து வருகின்றனர். காப்பாபைக்கஸ் ஆல்வரேசி என்னும் பிலிப்பைன் நாட்டுப் பாசியோ, காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, 1990களின் நடுவில் மண்டபம் பகுதியில் வளர்த்துப் பார்க்கப்பட்டு, 2000ஐ அடுத்து வாணிபப் பயிராயிற்று. அதிலும் பல குடும்பங்கள் கூலி பெற்றன என்பது மறுக்கற்பாலதன்று. ஆயினும் 2008இல் மதுரை ஆராய்ச்சியாளர் சிலர், அப்பாசி குருசடைத் தீவருகே கிளைப்பவளங்களின்மேற் படர்ந்து அவற்றை மூடிக் கொல்வதைக் கண்டு வெளியிட்டனர். பின்னர் ஆட்களைக் கொண்டு கையால் அகற்றும் பணி நடைபெற்றது. ஒட்டி எஞ்சிய சிறு துண்டிலிருந்தும் அது மீண்டும் தளிர்த்தமையால் அப்பணி ஒருமுறையில் முடியவில்லை. மயிர்ப்பாசியைப் பறிப்போர்க்கு யாம் சொன்ன எச்சரிக்கை அங்கும் உண்மையாயிற்று.

மீன்தொட்டியினின்று கடலுக்குச் சென்ற களையும் உண்டு. மீன்தொட்டிகளில் அழகுக்கென வளர்க்கப்பட்ட காலெர்ப்பா டாக்சிபோலியா என்னும் பாசி, 1984இல் மத்தியதரைக் கடலின் மொனாக்கோக் கரையில் ஒரு சதுர மீட்டர் அளவிற் காணப்பட்டது. அது பின்னர் ஆயிரக்கணக்கான ஹெக்டேரிற் பரவியது. கலிபோர்னியாவில் 2000இல் அதே பாசி கண்டுபிடிக்கப்பட்டபோது, உடனே மூடியிட்டுக் குளோரின் செலுத்தி ஒழிக்க முயன்று, 2006இல் ஒழிந்ததாக அறிவித்தனர். முளையிற் கிள்ளியதனால் அது இயன்றது.

ஆகவே தொட்டியிற் களைந்த பாசியையும், அதன் நீரையும், வளர்க்க இயலாத உயிர்களையும் கடலிலோ கழிமுகத்திலோ விடலாகாது. பாசியை வெயிலில் நன்றாக உலர்த்தி எறிக. நமக்கு வெயிலுக்குக் குறைவில்லை. கடலிலிருந்து எடுத்தலும் ஆகாது. நம் நாட்டின் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் சேர்க்கப்பட்டுள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு பவளத்துண்டை நினைவுப்பொருளாக எடுத்து வருதலும் குற்றமே. தொட்டிக்குச் சுட்ட களிமண்ணாலும் சிமெண்டாலும் செய்த கற்களே போதும். அவற்றிற் சுண்ணப்பாசி படர்ந்தபின் வேற்றுமை தெரியாது.

நண்பர்காள்! பாசி நம்மைக் கேளாமல் வருவதில்லை. மிகையாக இட்ட உணவும், ஆராயாது ஊற்றிய நீரும், அவசரத்தில் இட்ட மருந்தும் அதனை அழைக்கின்றன. தொட்டியின் கணக்குப் புத்தகத்தில் நாம் எழுத மறந்தவற்றைப் பச்சை மையால் எழுதிக் காட்டுவது பாசியே. அவ்வெழுத்தை அழிப்பதற்கு முன் படித்துவிட்டால், தொட்டியும் தெளியும்; நூறு கல் தொலைவுக்குள் நம் கடலில் வெளிறி நிற்கும் பவளத்தின் துன்பமும் நமக்கு விளங்கும். அங்குள்ள தொட்டிக்குக் கண்ணாடிச் சுவர் இல்லை. நீரை மாற்றித் தருவாரும் இல்லை. அதனைக் காக்கும் கடமை, சிறு தொட்டி ஒன்றைக் காத்துப் பழகிய கைகளுக்கு நன்கு விளங்கும் என்பது எம் நம்பிக்கை.